ரோஸ்வித்தாவின் ஆயில் கணக்கு

எங்கள் ஊரில் டாக்சி ஒன்றுதான். அதை ஓட்டுகிறவளும் ஒருத்திதான். தெற்கு ஜெர்மனியின் இந்த ஆல்ப் மேட்டில் பஸ் என்பது நினைத்தால் வரும், பனி பெய்தால் வராது. அதனால் பிள்ளை பெறப் போகிறவளும், கண்புரை ஆபரேஷனுக்குப் போகிற கிழவரும், கல்யாண வீட்டில் அளவு தெரியாமல் குடித்துவிட்ட மாப்பிள்ளைத் தோழனும் ரோஸ்வித்தாவின் வண்டியில்தான் ஏறியாக வேண்டும். பாதிரியாரின் நாய் மட்டும்தான் இன்னும் ஏறவில்லை என்று முன்பெல்லாம் சொல்வோம். கால் ஒடிந்தபோது அதுவும் ஏறிவிட்டது.

நான் எக்கார்ட். தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே இருக்கிற கார் பட்டறை என்னுடையது. ரோஸ்வித்தா டாக்சி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவள் வண்டிகளுக்கு நான்தான் வைத்தியம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மனிதர்களை லேசில் மெச்ச மாட்டேன், வண்டிகளை அதைவிடக் குறைவாக மெச்சுவேன். அப்படிப்பட்ட எனக்கே இவள் விஷயத்தில் வாயடைத்துப் போகிறது. அதனால்தான் சொல்ல உட்கார்ந்தேன்.

அவள் ஒன்றும் பிறக்கும்போதே ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு பிறக்கவில்லை. பள்ளி முடித்ததும் கீழே பள்ளத்தாக்கில் இருந்த பனியன் மில்லில் சேர்ந்து ஆண்களின் உள்ளாடைக்கு எலாஸ்டிக் தைத்தாள். இந்த மாவட்டத்து ஆண்களின் மானம் கொஞ்ச காலம் என் கையில் இருந்தது என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். பிறகு மில்லை மூடினார்கள். அடுத்த வருஷமே புருஷன் நீச்சல் குளத்தில் வேலை பார்த்த ஒருத்தியோடு தெற்கே இருக்கிற பெரிய ஏரிப் பக்கம் போய்விட்டான். அழுது முடித்த கையோடு, ஓய்வு பெறப் போன பழைய டாக்சிக்காரரிடம் லைசன்ஸையும் வண்டியையும் சேர்த்து வாங்கினாள். வண்டியை அவர் எப்படி வைத்திருந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. வெளியே பளபளவென்று இருந்தது, அது போதும் என்று நினைத்துவிட்டாள்.

முதல் குளிர்காலத்திலேயே ஊராக் மலைப்பாதையில் அந்த வண்டி இன்ஜின் இறுகி அப்படியே நின்றது. பின்சீட்டில் டயாலிசிஸ் முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பெரியவர்கள். ரத்தத்தைக் கழுவிவிட்டு வருகிறவர்களுக்கு உடம்பில் உயிர் ஒட்டிக்கொண்டிருப்பதே பெரிய விஷயம். பனியில் நிறுத்தி வைக்க முடியுமா? தற்செயலாக வந்த பால் லாரிதான் அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் அந்த இன்ஜினை நான் பிரித்தபோது ரோஸ்வித்தா பக்கத்தில் நின்றாள். கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு விரலை விட்டு வழித்தாள். கறுப்பாக, ஷூ பாலிஷ் மாதிரி அப்பிக்கொண்டு வந்தது.

"இதுக்குப் பேரு ஆயிலா?" என்றாள்.

"ஒரு காலத்துல ஆயிலா இருந்துச்சு" என்றேன்.

விரலைத் துடைக்காமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றையிலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் மழை, பனி, காய்ச்சல், அவள் அம்மாவின் சாவு, எதற்காகவும் அந்தக் கணக்கு தள்ளிப்போனதில்லை.

இப்போது அவள் ஓட்டுவது பெரிய டீசல் கார். கம்பெனி இயக்குநர்கள் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு போவார்களே, அந்த ரகம். எங்கள் நாட்டில் அதற்கே தந்த நிறம் பூசி, கூரையில் டாக்சி விளக்கை வைத்துவிடுவார்கள், யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். சூடாகும் தோல் சீட்டு, சத்தமே கேட்காத கதவு, எல்லாம் உண்டு. அடுத்த ஆயில் எப்போது என்பதைக்கூட டேஷ்போர்டே கணக்குப் போட்டுச் சொல்லும். இருபத்தையாயிரம் கிலோமீட்டர் போகட்டும் என்று அது சொல்லும். ரோஸ்வித்தா பத்தாயிரத்திலேயே என் வாசலில் வந்து நிற்பாள். வண்டியே இன்னும் போகலாம் என்கிறதே என்று கேட்டால், அது வண்டியின் அபிப்பிராயம் என்பாள்.

தொழில்காரன் என்பதால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் வண்டிக்கு அவ்வளவு அடிக்கடி தேவையில்லை. டாக்சி இன்ஜின் காலையில் சூடானால் சாயங்காலம் வரை ஆறுவதில்லை. நீண்ட சாலையில் சீராக ஓடுகிற இன்ஜினில் ஆயில் மெதுவாகத்தான் கெடும். தேவைக்கு மேலேயே மாற்றுகிறாள் என்று ஊர் சிரித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் ஸ்வேபியா ஜனங்கள் டீத்தூளை இரண்டாம் முறை கொதிக்க வைக்கிறவர்கள். நல்ல ஆயிலைக் கீழே விடுவது அவர்களுக்கு ரொட்டியைக் குப்பையில் போடுவது போல.

ஆனால் ஒருநாள் நான் அந்த இன்ஜினின் மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அப்போது அது ஒன்பது லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் அவ்வளவு தூரம் ஆகாது. அதுவரை ஒரு முறைகூடப் பிரிக்காத இன்ஜின். உள்ளே புகை படிந்த அடுப்பு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அத்தனை இரும்பும் இளம் தேன் நிறத்தில், அன்றைக்குத்தான் தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல மின்னியது. மூடியை மூட மனம் வரவில்லை. உதவியாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன், தபால்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாழ்நாளெல்லாம் இன்ஜின்களுக்குள் தலையை விட்டவன் நான், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

இனி கோட்லோபைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவருக்குச் சுண்ணம் பூசுகிற மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ரோஸ்வித்தாவுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர், சேர்ந்திசைக் குழுவில் தடித்த குரல். ஆயுள் முழுக்க வெள்ளைத் தூசியில் நின்றவர், ஓய்வு பெற்றதும் ஒரு காரியம் செய்தார். கார் தொழிற்சாலை ஊழியர் ஒருவர் ஒரு வருஷம் ஓட்டிய பெரிய சொகுசு காரை வாங்கினார். அடர்நீலம், புது வகை டீசல். அதில் ஆயில் அளவு பார்க்கும் கம்பிகூடக் கிடையாது, எல்லாம் திரையில் தெரியும். வாங்கி ஒரு வருஷம் ஆவதற்குள் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன.

அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் ரோஸ்வித்தாதான் அவரை ராய்ட்லிங்கனுக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போவாள். அவர் பெயர் மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் இருந்தது. ஹைடல்பெர்க் மருத்துவமனையிலிருந்து எப்போது வேண்டுமானாலும் போன் வரலாம், வந்தால் சில மணி நேரத்தில் அங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். பெட்டி கட்டித் தயாராகக் கதவருகே இருந்தது. நீலக் காரும் தயாராக இருந்தது. அந்த ஒரு நாளுக்காக அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார் கோட்லோப்.

பத்திரம் என்றால் சாதாரணப் பத்திரம் இல்லை. பழைய கம்பளிப் போர்வையால் மூடி வைத்திருப்பார். சனிக்கிழமை துடைப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி எல்ஃப்ரீடே அதை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போவாள், அங்கிருந்து கல்லறைத் தோட்டம், பிறகு நேராக வீடு. எல்லாம் சேர்த்து நடந்தே போகிற தூரம். ஏறுகிறவர் யாராக இருந்தாலும் இரண்டு ஷூவையும் ஒன்றோடொன்று தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஒருமுறை பிஷப்பே தட்டினார். இத்தனை அடக்க ஒடுக்கமாக வாழ்ந்த காருக்கு ஆயில் கெடுமா? திரையும் அதைத்தான் சொன்னது. இரண்டு வருஷம், அல்லது முப்பதாயிரம் கிலோமீட்டர்.

டாக்சியில் போகும்போதெல்லாம் இருவருக்கும் இதே சண்டைதான். தன் ரத்தத்தையே வாரம் மூன்று முறைதான் கழுவுகிறார்கள், இவள் வண்டியை அதைவிடச் செல்லமாக வளர்க்கிறாள் என்று அவர் கிண்டல் செய்வார். அவளும் விட மாட்டாள். ஒருநாள் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாளாம்.

"உனக்கும் நெத்தியில சிவப்பு லைட் எரியிற வரைக்கும் காத்திருக்கலாமா கோட்லோப்? அப்புறமா ராய்ட்லிங்கன் போலாம்."



குளிர்காலம் பாதி போனபோது, ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் வழக்கமாக உட்காரும் சத்திர மேஜையில் கோட்லோப் ஒரு செய்தி சொன்னார். சிறுநீரகம் வேலை செய்யாததால் அவருக்குக் குடிக்க அளவு உண்டு, அரைக் கிளாஸ் தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அன்று முகமெல்லாம் மலர்ந்திருந்தது. காரில் ஆயில் அளவைத் திரையில் பார்த்தாராம். குறையவே இல்லையாம். குறையாதது மட்டுமில்லை, அதிகபட்ச அளவைக் காட்டுகிற கோட்டையும் தாண்டி ஏறியிருக்கிறதாம்.

"ஊரான் வண்டியெல்லாம் ஆயிலக் குடிக்குது" என்றார். "என் வண்டி ஆயிலச் சுரக்குது."

மேஜையே சிரித்தது. எங்கள் ஊர்க்காரனுக்கு இதைவிட இன்பம் வேறு என்ன இருக்கிறது, செலவழியாமல் இருப்பதோடு கூடவும் செய்கிற ஒரு பொருள். நான் மட்டும் முள்கரண்டியைக் கீழே வைத்தேன். இந்தக் காலத்து டீசல் காரில் கரிப்புகையைப் பிடிக்கிற ஒரு பில்டர் இருக்கிறது. அது நிரம்பும்போது கூடுதலாக டீசலை விட்டு, சூடேற்றி, தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரமாவது ஓட வேண்டும். கல்லறைத் தோட்டத்தோடு நிறுத்திவிட்டால் எரியாத டீசல் வழிந்து ஆயிலில் இறங்கும். போதாதற்கு, ஆறிய இன்ஜினில் வேர்க்கிற தண்ணீர் வேறு. கோட்லோப் பார்த்துப் பூரித்தது ஆயில் இல்லை, டீசல்.

இதைச் சொன்னேன். நாளைக்கே கொண்டு வா, மாற்றிவிடலாம் என்றேன். கம்பெனிப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறான், குறுகிய தூரம் மட்டும் ஓடினால் முன்னதாகவே மாற்று என்று, அதையும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, கசாப்புக் கடைக்காரன் கறியைப் புகழும்போது நாம் பார்க்கிற பார்வை. இருக்கிற நல்ல ஆயிலைக் கொட்டச் சொல்கிறான், அதுவும் நிறைந்து வழிகிறதை என்று மற்றவர்களிடம் திரும்பிவிட்டார். ரோஸ்வித்தா எல்ஃப்ரீடேயிடம் தனியாகவும் சொல்லிப் பார்த்தாள். அந்தக் காரைப் பற்றி இவரிடம் பேச எனக்கு உரிமையில்லை, நான் வெறும் மனைவிதான் என்றாளாம் அவள்.

பிப்ரவரி கடைசியில் ரோஸ்வித்தாவின் டாக்சி பத்து லட்சத்தைத் தொட இன்னும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் பாக்கி. ஊர் இதைத் திருவிழாவாக எடுத்துக்கொண்டது. திங்கட்கிழமை காலை டயாலிசிஸ் சவாரி முடிந்ததும் மிச்சத் தூரத்தை அவள் சந்தைத் திடல் கிணற்றைச் சுற்றிச் சுற்றி ஓட்டி முடிப்பது என்று ஏற்பாடு. பித்தளை வாத்தியக் குழு வரும், மாவட்டப் பத்திரிகைக்காரர் படம் எடுப்பார், பேக்கரிக்காரி ஆறு சுழியம் போட்ட பிரெட்செல் ரொட்டி சுடுவாள். பழைய ஆயிலோடு பத்து லட்சத்தைத் தொட மாட்டேன் என்று ரோஸ்வித்தா சனிக்கிழமையே பட்டறைக்கு வந்துவிட்டாள். அவள் கணக்குப்படிகூட இன்னும் கொஞ்சம் ஓட்டலாம். பத்து லட்சம் என்பது விருந்தாளி, அழுக்குத் துணியோடு வரவேற்கக் கூடாதாம்.

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் தெருவில் எல்லார் கையிலும் துடைப்பம் இருக்கும். அவரவர் வாசலை அவரவர் பெருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் நின்று சரிபார்ப்பாள். டாக்சி லிப்டில் மேலே தொங்கிக்கொண்டிருந்தது, கீழே ஆயில் சூடாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது ரோஸ்வித்தாவின் போன் அடித்தது. கோட்லோப். பெருக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே ஹைடல்பெர்க்கிலிருந்து அழைப்பு வந்துவிட்டதாம். சிறுநீரகம் கிடைத்திருக்கிறது. எதுவும் சாப்பிடாமல் உடனே கிளம்பி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ரோஸ்வித்தா மேலே பார்த்தாள். வண்டியின் வயிற்றில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. அவள் முகம் வெளுத்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஆயில் மாற்றிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறு, இதோ வருகிறேன் என்று போனில் கெஞ்சினாள். அவர் குரல் எனக்கும் கேட்டது, துள்ளிக்கொண்டிருந்தது.

"வேணாம் ரோஸ்வித்தா. இந்த ஒரு நாளுக்காகத்தான அந்த வண்டியக் கண்ணுல வச்சுக் காப்பாத்திட்டு வர்றேன். நீ உன் ஆயில மாத்திக்கிட்டு இரு."

போனை வைத்துவிட்டார். சற்று நேரத்தில் நீலக் கார் பட்டறை வாசலைக் கடந்து போனது. பூப் போல இருந்தது, ஒரு தூசி இல்லை. ஓட்டிக்கொண்டே கோட்லோப் எங்களுக்குக் கை காட்டினார். எல்ஃப்ரீடேயின் மடியில் பெட்டி இருந்தது.

ரோஸ்வித்தாவின் பழக்கத்தை அந்தக் கணம் நான் மனதுக்குள் திட்டினேன். தேவையே இல்லாத ஆயிலை மாற்றப் போய், தேவைப்பட்ட நேரத்தில் வண்டி தொங்கிக்கொண்டிருக்கிறதே என்று. அவள் அதற்குள் புது ஆயில் டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்தாள்.

"ஊத்து எக்கார்ட்."

"ஆயில் பில்டர் மாத்தாம விட்டுட்டா சீக்கிரம் ஆயிடும்."

"அதையும் மாத்து. சீக்கிரமா மாத்து."

மாற்றினேன். என் வாழ்நாளில் அவ்வளவு விரைவாக வேலை செய்ததில்லை. அவள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன், பட்டறையைப் பூட்டக்கூட இல்லை. எங்கே வருகிறாய் என்று அவள் கேட்கவில்லை. அந்த நீலக் காரின் நிலைமை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஞாயிறு ஞாயிறு சர்ச்சுக்குப் போன இன்ஜின் கோட்லோப் கைக்கு வந்தபின் இன்றைக்குத்தான் முதல்முறையாக நெடுஞ்சாலையில் ஓடப் போகிறது, அதுவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிற மனிதர் ஓட்ட. டீசல் கலந்து நீர்த்துப்போன ஆயில் சூடானால் தண்ணீர்தான். இரும்பும் இரும்பும் உரசும்போது நடுவில் நிற்க அதற்குத் தெம்பு இருக்காது.

நாங்கள் ஸ்டட்கார்ட் தாண்டி ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தபோது எல்ஃப்ரீடே போனில் கூப்பிட்டாள். சிவப்பு விளக்கு எரிகிறது, உடனே இன்ஜினை நிறுத்து என்று திரை சொல்கிறது, உள்ளே ஏதோ தட்டுகிற சத்தம், முதலில் வந்த பார்க்கிங்கில் நிறுத்திவிட்டோம் என்றாள். அவள் அழவில்லை. பாடம் ஒப்பிப்பது போல ஒப்பித்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஈரப் பனி விழுந்துகொண்டிருந்தது. கோட்லோப் காருக்கு வெளியே பெட்டியோடு நின்றார். நல்ல கோட்டு, டை, பளபளக்கும் ஷூ. கொஞ்ச நேரத்துக்கு முன் துள்ளிய மனிதர் சாயம்போன துணி மாதிரி ஆகியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, ரோஸ்வித்தாவைப் பார்த்தார்.

"திரையில இன்னும் அஞ்சு மாசம் பாக்கின்னு காட்டுது ரோஸ்வித்தா" என்றார்.

சொல்லிக் காட்ட அவளுக்கு எவ்வளவோ இருந்தது. ஒரு வருஷமாகக் கேட்ட கிண்டலுக்கெல்லாம் ஒரே வார்த்தையில் கடன் தீர்த்திருக்கலாம். நானாக இருந்தால் தீர்த்திருப்பேன். அவள் பின்கதவைத் திறந்து பிடித்தாள். அவர் பழக்க தோஷத்தில் ஒரு காலைத் தூக்கி ஷூவைத் தட்டப் போனார்.

"தட்ட வேணாம். ஏறு."

எல்ஃப்ரீடேயும் ஏறிக்கொள்ள, என்னைக் காரோடு விட்டுவிட்டு டாக்சி போய்விட்டது. பின்விளக்கு கண்ணுக்கு மறையும் வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இழுவை லாரி வரும் வரை எனக்கு வேறு வேலை இல்லை, நீலக் காரின் முன்மூடியைத் தூக்கினேன். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தபோது அதன் அடியில் வெளிர்பழுப்பாக மயோனைஸ் போல ஒரு நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து பெட்ரோல் பங்க் வாசனை அடித்தது. மூடியைச் சாய்த்ததும் விளிம்பில் இருந்த ஆயில் சொட்டுச் சொட்டாக, தண்ணீர் மாதிரி ஓடி விழுந்தது. வெளியே ஒரு கீறல் கிடையாது. இவ்வளவு ஆசையாக வைத்திருந்த ஒரு வண்டியை நான் பார்த்ததில்லை. ஆசையாலேயே கெட்டுப்போன வண்டியையும் பார்த்ததில்லை. பனியில் நின்றுகொண்டு அந்தக் காருக்காக உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

மிச்சத்தை ரோஸ்வித்தாதான் எனக்குச் சொன்னாள். வழியெல்லாம் எல்ஃப்ரீடே அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையால் மூடிக்கொள்வாளாம். நடுவில் ஒருமுறை, ஹைல்ப்ரான் பக்கம் வண்டிகள் ஊர்ந்தபோது, கோட்லோப் கண்ணை மூடியபடி, எவ்வளவு அமைதியாக ஓடுகிறது என்றாராம். இன்ஜினைச் சொல்கிறார் என்று தெரிய ரோஸ்வித்தாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனதாம். ஒரு வருஷமாக அந்தச் சீட்டில் உட்கார்ந்தவர், அன்றைக்குத்தான் அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கியிருக்கிறார்.

மருத்துவமனை வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, வண்டியை ஓரமாக நிறுத்தும்போதுதான் ஓடிய தூரம் காட்டுகிற மீட்டரை அவள் பார்த்தாள். ஆறு ஒன்பதுகள் வரிசையாக நின்றன. இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் போலிருக்கிறது என்று நினைத்து வாகன நிறுத்தத்தையே சுற்றினாள். மறுபடி சுற்றினாள். மாறவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்த மீட்டருக்கு அதற்கு மேல் எண்ணத் தெரியாது. அதைச் செய்தவர்கள் இவ்வளவு தூரம் யாரும் வருவார்கள் என்று நினைக்கவேயில்லை. பத்து லட்சம் எப்போதோ, ஏதோ ஒரு வளைவில், யாரும் பார்க்காமல் கடந்து போயிருந்தது.

"வண்டிய நிறுத்திட்டு அழுதேன் எக்கார்ட்" என்றாள். "அதுக்காக அழுதேனா, அவனுக்காக அழுதேனா, எனக்கே தெரியல."

மறுநாள் மத்தியானம் எல்ஃப்ரீடே எனக்குப் போன் செய்தாள். முதலில் சொன்னது ஒரே வார்த்தைதான், ஓடுது. புதுச் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது, பக்கத்தில் தொங்கிய பையில் மஞ்சளாக இறங்குகிறது, அவர் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்றாள். நான் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை. அன்றைக்குப் பட்டறையில் ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எங்கேயோ பெயர் தெரியாத ஒருவர் இறந்திருக்கிறார். அவர் உடம்பில் நிற்காமல் ஓடிய ஒன்று, எங்கள் ஊர்ச் சுண்ணம் பூசுகிற மேஸ்திரியின் உடம்பில் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது. இன்ஜினுக்குள் தேன் நிறத்தைப் பார்த்தபோது வந்த அதே மலைப்பு எனக்கு வந்தது, பல மடங்காக வந்தது. அதை யாரிடம் கூப்பிட்டுக் காட்டுவது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை வாத்தியக் குழு வந்தது, பத்திரிகைக்காரர் வந்தார். ஒன்பதுகளைப் பார்த்துவிட்டு எல்லாரும் தலையைச் சொறிந்தார்கள். வாசிக்கலாமா வேண்டாமா என்று ஒரு விவாதம் நடந்து, வந்ததற்கு வாசித்தார்கள். பிரெட்செல்லை ரோஸ்வித்தா ஹைடல்பெர்க்குக்கு எடுத்துப் போனாள். கோட்லோப் சுழியங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்றாராம்.

நீலக் காருக்கு வேறு இன்ஜின் வைத்தேன். இப்போது அதன் மேல் போர்வை கிடையாது. எல்ஃப்ரீடே வாரம் ஒருநாள் அவரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை வழியாக ஏரி வரை போய்த் திரும்புகிறாள், சேற்று ஷூவோடுதான் ஏறுகிறார்கள். திரை என்ன சொன்னாலும் வருஷம் ஒருமுறை ஆயில் மாற்ற என்னிடம் வந்துவிடுகிறார்கள்.

ரோஸ்வித்தாவுக்குத்தான் புதுச் சிக்கல். மீட்டர் நின்றுவிட்டது, பத்தாயிரத்தை எப்படிக் கணக்கு வைப்பது? சவாரித் தூரம் காட்டுகிற சின்ன மீட்டரை வைத்து எண்ணலாம் என்று வழி சொன்னேன். வேண்டாம், எனக்கு வேறு மீட்டர் கிடைத்துவிட்டது என்றாள். கோட்லோபுக்கு ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை ஹைடல்பெர்க்கில் ரத்தப் பரிசோதனை. அதற்கு முந்தின நாள் அவளுக்கு ஆயில் நாள். அவள் ஓட்டுகிற ஓட்டத்துக்கு ஏறக்குறைய அதே பத்தாயிரம்தான் வருகிறது. அந்த நாளில் கோட்லோபும் பட்டறைக்கு வந்துவிடுவார். முன்பு அரைக் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது கையில் பெரிய தண்ணீர் பாட்டிலோடு வருகிறார். அவர் நிறையக் குடிக்க வேண்டும். லிப்டுக்கு அடியில் நின்று பழைய ஆயில் இறங்குவதைக் கடைசிச் சொட்டு வரை பார்ப்பார். புது ஆயில் ஊற்றி இன்ஜினைக் கிளப்பியதும் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார்.

போன வாரம் மலையேற வந்த வெளியூர்க்காரர் ஒருவர் டாக்சிக்காகப் பட்டறை வாசலில் காத்திருந்தார். ஏறி உட்கார்ந்ததும் மீட்டரில் ஆறு ஒன்பதுகளைப் பார்த்துவிட்டு, கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார்.

"கெடல. அதுக்கு மேல அதுக்கு எண்ணத் தெரியாது" என்றாள் ரோஸ்வித்தா.

அப்படியானால் இப்போது எவ்வளவு ஓடியிருக்கும் என்று அவர் விடாமல் கேட்டார். அவள் கண்ணாடியை இறக்கி, வாசல் தூணில் சாய்ந்து பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்த கோட்லோபைக் காட்டினாள்.

"அந்தா தண்ணி குடிச்சிட்டு நிக்கிறாரே, அவருதான் இப்ப என் மீட்டர். அவரு ஓடுற அளவுக்கு ஓடியிருக்கு."